சின்ன பாக்கெட்டுக்கும் உட்பொருள் பட்டியல் வேண்டும்: மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
இந்திய மருந்துகள் தலைமைக் கட்டுப்பாட்டாளர் அவர்கள், மத்திய மருந்துகள் தரக்கட்டுப்பாட்டு அமைப்பு, புது தில்லி;
மருந்துகள் தொழில்நுட்ப ஆலோசனை வாரிய உறுப்பினர்கள்.

ஐயா, அம்மையீர்,

2020 டிசம்பரில் அரசிதழில் வந்த அழகுசாதனப் பொருட்கள் விதிகளில், லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் பகுதியில் ஒரு விலக்கு இருக்கிறது. உட்பொருட்களின் பட்டியலைக் கட்டாயம் அச்சிட வேண்டும் என்று விதி முதலில் சொல்கிறது. கையோடு, திரவமானால் 60 மில்லிக்கும், கெட்டியானதோ குழைவானதோ ஆனால் 30 கிராமுக்கும் குறைந்த பாக்கெட்டுகளுக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை என்றும் சொல்லிவிடுகிறது. பழைய 1945 விதிகளில் இருந்த விலக்கு இது. புது விதிகளை எழுதும்போது இதைக் கழற்றிவிட்டிருக்கலாம். அப்படியே கொண்டுவந்து சேர்த்துவிட்டீர்கள். அதை நீக்குங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நெல்லிக்குப்பம் கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் நடத்துகிறேன். மாமனார் காலத்துக் கடை. வேதியியல் பட்டம் படித்தவள் என்பதால் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அது தெரிந்து, "அக்கா, இதுல என்ன கலந்திருக்காங்க, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று வாடிக்கையாளர்கள் நீட்டுவார்கள். படிக்க ஏதாவது இருந்தால் சொல்வேன். பல பாக்கெட்டுகளில் பொருளின் பெயர், விலை, பேட்ச் எண், தேதி, தயாரிப்பாளர் முகவரி, இவ்வளவுதான் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் இருக்காது.

60 மில்லி, 30 கிராம் என்பது கோப்பில் பார்க்கும்போது சின்ன விலக்காகத் தெரியலாம். என் கடை அலமாரியில் வைத்துப் பாருங்கள். ஷாம்பு சரத்தில் ஒரு பாக்கெட் 5, 6 மில்லி. முகத்துக்குப் போடும் க்ரீம் சாஷே 10 கிராமுக்குள். அதற்கு அடுத்த ட்யூப் 15 கிராம், அதற்கும் அடுத்தது 25. ஹேர் டை பவுடர் பாக்கெட்டில் சில கிராம்தான். நெயில் பாலிஷ் 10 மில்லியைத் தாண்டுவது அபூர்வம். லிப்ஸ்டிக் எவ்வளவு விலை கொடுத்தாலும் 4 கிராம் அளவில்தான் இருக்கும். காஜல் பென்சிலில் அரை கிராம்கூடத் தேறாதது உண்டு. உதட்டில் பூசிக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குவது, கண் விளிம்பில் தீட்டுவது, தலையில் அரை மணி நேரம் ஊறவைப்பது, முகத்தில் தடவி ராத்திரி முழுக்க விடுவது, இத்தனையும் உங்கள் விலக்குக்குள் அடங்கிவிடுகின்றன. பட்டியல் கட்டாயம் என்ற விதி யாருக்கு மிஞ்சுகிறது? 200 மில்லி பாடி லோஷன் வாங்குகிறவருக்கு.

சின்ன பாக்கெட் என்றால் வாங்கிப் பார்ப்பதற்கான சாம்பிள் என்ற எண்ணத்தில் இந்த விலக்கைக் கொடுத்திருப்பார்கள் போல. எங்கள் பக்கத்தில் அதுதான் சரக்கே. ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து விற்பதில் முன்னோடி கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். பாட்டில் வாங்க முடியாத கூலிக்காரரும் ஷாம்பு போட்டுக் குளிக்க முடிந்தது இப்படித்தான். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு, எனக்கும் உண்டு. இன்றைக்குப் பல பிராண்டுகளில் பாட்டிலைவிடச் சரம் மில்லிக்கு மலிவாக விழுவதால், மாதச் சம்பளக்காரர்களும் சரமாகத்தான் கேட்டு வாங்குகிறார்கள். பத்துப் பன்னிரண்டு பாக்கெட் சேர்ந்தால் 60 மில்லி ஆகிவிடும். அதே ஷாம்புவைப் பாட்டிலில் ஊற்றி விற்றால் பட்டியல் வேண்டும், பாக்கெட்டில் பிரித்து விற்றால் வேண்டாம் என்பதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

என்னை எழுத வைத்தது ஒரு வாடிக்கையாளருக்கு நடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் கொட்டகையில் வேலை பார்க்கிறவர். முந்திரிக் கொட்டை ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அந்த வேலைக்குப் போகிற பெண்களின் கையைப் பார்த்தாலே தெரியும். இவருக்குக் கையோடு நிற்காமல் முகத்திலும் கழுத்திலும் தடித்து, அரித்து, நீர் வடிய ஆரம்பித்தது. எல்லாரும் முந்திரி எண்ணெய்தான் காரணம் என்றார்கள். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்து பார்த்தார், நிற்கவில்லை. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பேட்ச் டெஸ்ட் செய்தார்கள். சந்தேகப்படும் பொருட்களைச் சின்னச் சின்னப் பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டி, 2 நாள் குளிக்காமல் வைத்திருந்து, எடுத்துப் பார்த்து, மறுபடி வரச்சொல்லிப் பார்ப்பார்கள். கூலி வேலை செய்கிறவர் அத்தனை நாள் கூலியை விட வேண்டும். முகத்துக்குக் காரணமாகத் தெரியவந்தவை வாசனைப் பொருள் கலவையும், ஃபார்மால்டிஹைடு என்ற கிருமிகொல்லி வேதிப்பொருளும். இந்த இரண்டும் உள்ள எதையும் தொடாதீர்கள் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். அவர் வழக்கமாக வாங்கும் 15 கிராம் ட்யூபைத் திருப்பினேன். பட்டியல் இல்லை. அதே விலையில் இருந்த இன்னொன்றிலும் இல்லை. ட்யூபில் இருந்த நுகர்வோர் எண்ணுக்குக் கூப்பிட்டேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார்: "30 கிராமுக்குக் கீழே உள்ள பேக்குக்குச் சட்டப்படி தேவையில்லை மேடம்." சரி, போனிலாவது சொல்லுங்கள் என்றால், அது கம்பெனி விவரம், சொல்ல முடியாது என்றார். மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. விதியைத் தேடிப் படித்தபோது அந்தப் பெண் சொன்னது சரி என்று தெரிந்தது. அவர் மீது எனக்குக் கோபமில்லை. அந்தப் பதிலை அவர் கையில் கொடுத்தது உங்கள் விதி.

பட்டியல் இருந்திருந்தால் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். இங்கிலீஷில் நுணுக்கி அடித்த வேதிப்பெயர்களை யார் படிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கம்பெனிக்காரர்களிடமும் உண்டு, படித்தவர்களிடமும் உண்டு. படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் தெருவுக்கே போதும். ஒரு டாக்டர், ஒரு மருந்தாளுநர், பள்ளிக்கூடத்துப் பையன், அல்லது என்னைப் போல ஒரு கடைக்காரி.

ஃபார்மால்டிஹைடையே எடுத்துக்கொள்வோம். க்ரீமிலோ ஷாம்புவிலோ அந்தப் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அதை நேராகச் சேர்ப்பதற்குப் பதில், சிறுகச் சிறுக அதை வெளிவிடும் பதப்படுத்திகளைச் சேர்ப்பார்கள். டிஎம்டிஎம் ஹைடான்டாயின், இமிடாசோலிடினைல் யூரியா, டயாசோலிடினைல் யூரியா, குவாட்டர்னியம்-15 என்ற பெயர்களில் வரும். இந்த நான்கையும் அந்தப் பெண்ணின் சீட்டுக்குப் பின்னால் இங்கிலீஷில் பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் தமிழிலும் எழுதிக் கொடுத்தேன். எட்டாவது வரை படித்தவர். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்க அவருக்குத் தெரியும். பட்டியல் இருக்கும் டப்பாக்களில் அவரே பார்த்து ஒதுக்குகிறார். விலை கட்டுபடியாகும் சைஸில்தான் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

பட்டியலின் வரிசையும் நிறையச் சொல்லும். 1 சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை அதிகத்தில் இருந்து குறைவுக்கு இறங்கும் வரிசையில் எழுத வேண்டும், 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை அதற்கப்புறம் எந்த வரிசையிலும் எழுதலாம் என்பது உங்கள் விதியே. ஆகவே முதல் ஐந்தாறு பெயர்கள்தான் பெரும்பாலும் அந்த டப்பாவின் உண்மையான சரக்கு: தண்ணீர், கிளிசரின், மினரல் ஆயில், ஸ்டியரிக் அமிலம் இப்படி. பீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தி ஐரோப்பாவில் 1 சதவீதத்துக்கு மேல் கூடாது. அந்த அளவுக்குள் சேர்த்திருந்தால், பட்டியலில் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் 1 சதவீதமோ அதற்கும் குறைவோதான். முன்பக்கத்தில் குங்குமப்பூவும் பாதாமும் படம் போட்டு, பின்பக்கத்தில் அவற்றைப் பீனாக்ஸிஎத்தனாலுக்கும் வாசனைப் பொருளுக்கும் பின்னால் கொண்டுபோய் வைத்திருக்கும் க்ரீம்களைக் கல்லூரிப் பெண்களுக்குக் காட்டினால் சிரித்துவிட்டு வேறு எடுக்கிறார்கள். இதுவும் வேண்டும்தானே? அலர்ஜி வந்தவருக்கு மட்டுமல்ல, 10 ரூபாய் கொடுக்கும் யாருக்கும் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வேதிப்பெயர் என்றாலே விஷம் என்று பயமுறுத்துகிற கூட்டத்தில் நான் இல்லை. 'கெமிக்கல் ஃப்ரீ' என்று எழுதிய டப்பாவைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும், தண்ணீரும் கெமிக்கல்தான். டோகோஃபெரால் வைட்டமின் ஈ, சோடியம் குளோரைடு சமையலறை உப்பு, அசாடிராக்டா இண்டிகா நம் வேம்பு, சிஐ 77891 என்ற எண் டைட்டானியம் டையாக்சைடு. பட்டியல் பயத்தையும் குறைக்கும். ஒன்றும் எழுதாத பாக்கெட்டில்தான் வதந்தி வளர்கிறது.

இடம் இல்லை என்பதுதான் விலக்குக்குக் காரணமாக இருக்க வேண்டும். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதே அலமாரியில் 600 ரூபாய் சீரம் இருக்கிறது. 30 மில்லி பாட்டில், சிலது 15 மில்லி. உங்கள் விதிப்படி அதற்கும் பட்டியல் தேவையில்லை. அவர்களோ அட்டைப் பெட்டி நிறையப் பட்டியல் போட்டு, நியாசினமைடு 10 சதவீதம் என்று அளவையும் சேர்த்து முன்பக்கத்தில் பெருமையாக அடித்திருக்கிறார்கள். வாங்குகிறவர் படிப்பார், கேட்பார் என்று தெரிந்தால் இடம் தானாக வந்துவிடுகிறது. சில பெரிய நிறுவனங்கள் 2 ரூபாய் ஷாம்பு பாக்கெட்டிலும் பட்டியலைப் போடுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்து எறும்பு போலத்தான் இருக்கும், ஆனாலும் இருக்கிறது, அவர்களைப் பாராட்டுகிறேன். அவர்களால் முடிகிறதென்றால் மற்றவர்களாலும் முடியும். போடுகிறவர் போடட்டும், போடாதவர் விடட்டும் என்று இதை அவரவர் மனசுக்கு விட்டதுதான் தப்பு.

உங்கள் சட்டத்துக்குள்ளேயே இதற்கு வழி இருக்கிறது. 15 கிராம் ட்யூபில் வரும் மருந்து க்ரீமைப் பாருங்கள். மோமெட்டசோன் 0.1 சதவீதம், ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம் என்று அளவோடு அச்சாகியிருக்கும். (இந்தக் கலவையை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கிச் சிவப்பழகு க்ரீமாகப் பூசி முகம் கெட்டவர்கள் பலர். மோமெட்டசோன் போன்ற ஸ்டிராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் நீங்கள்தான் இறுக்கினீர்கள், அது தனிக்கதை.) மருந்து ட்யூபும் முக க்ரீம் ட்யூபும் ஒரே 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகின்றன, அளவும் ஒன்று. ஒன்றில் புள்ளிக்கு அப்புறம் மூன்று இலக்கம் வரை எழுத இடம் இருக்கிறது, இன்னொன்றில் பெயரை எழுதவே இடம் இல்லை.

ஆயுர்வேத, சித்த, யுனானித் தயாரிப்புகளுக்கான 161ஆம் விதி இன்னும் வெளிப்படையானது. மூலிகையின் தாவரவியல் பெயர், எந்தப் பாகம், எவ்வளவு என்று எல்லாம் கேட்கிறது. பட்டியல் நீளமாகி லேபிளில் அடங்காவிட்டால் தனித்தாளில் அச்சிட்டு உள்ளே வைத்து, அப்படி வைத்திருப்பதை லேபிளில் குறிப்பிடச் சொல்கிறது. பட்டியலே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும் இதே வழிதான்: இடம் போதாவிட்டால் துண்டுச்சீட்டிலோ அட்டையிலோ கொடு, சோப்பு, குளியல் உருண்டை போன்ற சின்னப் பொருட்களுக்கு அதுவும் முடியாவிட்டால் விற்கும் இடத்தில் அறிவிப்பாக வை. நம் ஊர் உணவு விதியும் சின்ன உறைக்கு விலக்குக் கொடுத்தாலும், விவரத்தை வெளிப் பெட்டியிலாவது போடு என்கிறது. 5 ரூபாய் பிஸ்கட்டில் என்ன மாவு, என்ன எண்ணெய், என்ன நிறமி என்று என்னால் படிக்க முடிகிறது.

ஹேர் டையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். பொங்கலுக்கும் கல்யாண முகூர்த்தங்களுக்கும் முன்னால் என் கடையில் அதிகம் ஓடுவது டை பாக்கெட்தான், ஆண்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள். பாரா பினைலீன் டையமின் என்ற சாயப்பொருள் ஒத்துக்கொள்ளாதவருக்கு முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் போகும். ஒருமுறை அப்படி வீங்கிய பெரியவரை எங்கள் தெருவிலேயே ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறோம். இந்தச் சாயத்துக்காக உங்கள் விதி எச்சரிக்கை வாசகத்தை எப்போதோ கட்டாயமாக்கிவிட்டது. காதுக்குப் பின்னாலோ முன்கையின் உட்பக்கமோ கொஞ்சம் தடவி 24 மணி நேரம் பார்த்துவிட்டுப் போடு என்ற குறிப்பை உள்ளூர் மொழிகளிலும் வைக்கச் சொன்னது. அதனால்தான் டை பெட்டிக்குள் பல மொழிகளில் மடித்த தாள் வருகிறது. இது நல்ல விதி. சின்ன பாக்கெட்டுக்குள் தமிழில் விவரம் வைக்க முடியும் என்று நீங்களே காட்டிய விதி. ஆனால் 'ஹெர்பல்', 'கருப்பு மெஹந்தி' என்ற பெயரில் வரும் பவுடரில் அந்தத் தாளும் இல்லை, பட்டியலும் இல்லை என்றால், ஒருமுறை வீங்கியவர் இன்னொருமுறை எதைப் பார்த்துத் தப்பிப்பார்? மூலிகைதானே என்று நம்பித்தான் அதை எடுக்கிறார்.

இனிச் சொல்வதுதான் இதில் மோசமான பகுதி. 2023இல் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக நோயாளிகளிடம் டாக்டர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். சிறுநீரில் புரதம் கொட்டி, உடம்பு வீங்கி வந்தவர்களில் பலர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். அந்த க்ரீம்களில் பாதரசம் இருந்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதனை போட்டது. பாதரசம் சேர்த்த சரும க்ரீம்களை நம் விதி தடை செய்திருக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா ஒப்பந்தத்திலும் இந்தியா 2018இல் சேர்ந்துவிட்டது. அவை சட்டவிரோதச் சரக்கு, அதற்கும் இந்த விலக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. முறையான உரிமம் பெற்ற 20 கிராம் க்ரீமிலும் பட்டியல் இல்லை, எங்கிருந்தோ பையில் போட்டுக் கொண்டுவந்து விற்கும் 20 கிராம் க்ரீமிலும் பட்டியல் இல்லை. வாங்குகிறவர் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பார்? உட்பொருள் எழுதாத முக க்ரீமைப் பார்த்தாலே சந்தேகம் வர வேண்டும். நம் ஊரில் வருவதில்லை, ஏனென்றால் எழுதாததுதான் இங்கே வழக்கம். அந்த வழக்கத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்திருப்பது நீங்கள். வெள்ளி, தங்கம், அலுமினியம், ரப்பரில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று டப்பாவில் எழுதியிருந்தால் பாதரசம் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. என் வாடிக்கையாளர்களுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பட்டியல் இல்லாத இடத்தில் ஆதாரமும் சேராது. மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தியால் ஐரோப்பாவில் தோல் ஒவ்வாமை ஏறிக்கொண்டே போனபோது, தோல் டாக்டர்கள் நோயாளி கொண்டுவந்த டப்பாக்களைப் படித்து எது காரணம் என்று சொல்ல முடிந்தது. அந்த ஆதாரம் குவிந்ததால், பூசி அப்படியே விடும் க்ரீம்களில் அதைச் சேர்க்கவே கூடாது என்ற தடை 2017இல் நடைமுறைக்கு வந்தது. முந்திரிக் கொட்டகைப் பெண்ணின் டாக்டருக்கு அப்படிப் படிக்க என்ன கிடைத்தது? காலி ட்யூப். அவர் எதை எழுதி எங்கே அனுப்புவார்? புகார் வரவில்லையே என்று நாளைக்கு யாராவது சொன்னால், புகார் எழுதத் தேவையான விவரத்தையே விதி மறைத்துவிட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகவே கேட்கிறேன். 60 மில்லி, 30 கிராம் விலக்கை முழுசாக நீக்குங்கள். உண்மையிலேயே இடம் இல்லாத காஜலுக்கும் லிப்ஸ்டிக்குக்கும் 161ஆம் விதியில் உள்ளது போலத் தனித்தாள் என்ற வழியை வையுங்கள். சரமாக விற்பவற்றுக்குச் சரத்தின் தலைப்பட்டையிலும் வெளிப் பெட்டியிலும் பட்டியல் இருக்க வேண்டும். கடையில் தொங்கவிட ஓர் அட்டையும் கம்பெனி கொடுக்க வேண்டும். தொங்கவிடுகிற பொறுப்பை எங்களைப் போன்ற கடைக்காரர்கள் மீது சுமத்துங்கள், ஏற்றுக்கொள்கிறோம். சேல்ஸ்மேன் கொடுக்கும் நடிகை படத்துக்குக் கதவில் இடம் இருக்கும்போது இதற்கும் இருக்கும்.

பட்டியலின் எழுத்து, விலையை அச்சிடும் எழுத்தைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. பளபளக்கும் வெள்ளித்தாளில் வெளிர் மஞ்சள் மசியில் அடிப்பதையும் தடுக்க வேண்டும். வாசனைப் பொருள் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடாமல், அலர்ஜி தரும் வாசனைப் பொருட்களை ஐரோப்பாவில் பெயர் சொல்லி எழுதவைப்பது போல இங்கும் எழுதவையுங்கள். லினலூல், ஜெரானியால், லிமோனீன் என்று தனித்தனியாகத் தெரிந்தால்தான் டாக்டரின் சீட்டுக்குப் பொருள் உண்டு. எச்சரிக்கை வாசகங்களையும், ஒவ்வாமை தரக்கூடியவை என்று தெரிந்த பொருட்களின் பெயர்களையும், ஹேர் டை குறிப்புக்குச் செய்தது போல, விற்கப்படும் மாநிலத்தின் மொழியில் போடச் சொல்லுங்கள்.

கியூஆர் குறியீடு போட்டால் போதாதா என்ற யோசனை உங்கள் மேசைக்கு வரும். கூடுதலாக இருக்கட்டும், அச்சுக்குப் பதிலாக வேண்டாம். என் வாடிக்கையாளர்களில் பட்டன் போன் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். யார் போன் செய்து கேட்டாலும் முழுப் பட்டியலைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்ற கடமையையும், அளவு எதுவானாலும், கம்பெனிக்கு எழுதி வையுங்கள். கலவையின் செய்முறையும் அளவும் அவர்கள் ரகசியமாகவே இருக்கட்டும்; பெயர்களைத்தான் கேட்கிறோம்.

விதியைத் திருத்த வாரியத்தைக் கலந்துகொண்டு, வரைவை வெளியிட்டு, கருத்துக் கேட்க வேண்டும் என்ற நடைமுறை எனக்குத் தெரியும். ஆகவே வாரியத்தின் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பொருளாக வையுங்கள், கூட்டக் குறிப்பில் முடிவைக் காரணத்தோடு வெளியிடுங்கள், வரைவு அறிவிக்கையைத் தமிழிலும் மற்ற மாநில மொழிகளிலும் வெளியிட்டு எங்களைப் போன்றவர்களின் கருத்தையும் கேளுங்கள். திருத்தம் வரும்வரை, பட்டியலைத் தாங்களாகவே அச்சிடும்படி எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். தயாரிப்பாளர் முகவரியோ, இறக்குமதிப் பதிவெண்ணோ இல்லாத முக க்ரீம்களைக் கடைகளில் இருந்து எடுக்கும்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகளுக்கு எழுதுங்கள். அந்தச் சோதனையை என் கடையில் இருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஃபேன்சி ஸ்டோர் நடத்தும் ஒருத்தி,
நெல்லிக்குப்பம், கடலூர் மாவட்டம்.